சுருளுக்குப் பொறுப்பு யார்?

(ஜாதவ்பூரில், கொல்கத்தா வாழ் தமிழர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடைசல் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், செய்து முடித்த ஜாபைப் பற்றித்தான் பேசுவோம். ஷாஃப்ட் அளவில் நிற்கிறதா, மேற்பரப்பு வழவழப்பாக வந்திருக்கிறதா, ஒரு ஷிஃப்ட்டில் எத்தனை உருப்படி இறங்கியது என்றுதான் கேட்போம். இன்று நான் பேச வந்தது கீழே விழுவதைப் பற்றி. டூலின் முனையிலிருந்து கிளம்பி, தொட்டியில் விழுந்து, மாலையில் அள்ளி எடைக்குப் போடுகிறோமே, அந்தச் சுருளைப் பற்றி. அது எப்படிப் பிறக்கிறது, அதை எப்படி உடைக்கலாம், உடைக்கும் பொறுப்பு யாருடையது என்று மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்காகத்தான் முதல் இரண்டும்.

இதைப் பேச ஜாதவ்பூர் தகுந்த இடம். 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது, அந்நியத் துணியை மறுத்ததோடு இங்குள்ளவர்கள் நிற்கவில்லை. அந்நியக் கல்விக்கும் மாற்று தேடினார்கள். 1906 மார்ச்சில் தேசியக் கல்விக் கழகம் உருவானது. ராஜா சுபோத் சந்திர மல்லிக் அதற்காக ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். பல்கலைக்கழக வாசலில் ஓடும் சாலைக்கு அவர் பெயர்தான். அதே ஆண்டு ஜூலை 25 அன்று, தாரக்நாத் பாலித் போன்றவர்களின் முயற்சியில் வங்கத் தொழில்நுட்ப நிலையம் தொடங்கியது. கைத்தொழில் தெரியாத தேசம் சொந்தக்காலில் நிற்காது என்று அவர்கள் நம்பினார்கள். அந்த விதைதான் 1955-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக எழுந்தது.

அதே 1906-இன் டிசம்பரில், நியூயார்க்கில், அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த ஃபிரடெரிக் டெய்லர் ஓர் உரை நிகழ்த்தினார். தலைப்பு, உலோகங்களை வெட்டும் கலை. 26 ஆண்டுகள் செய்த சோதனைகளின் முடிவு அது. பதிவான சோதனைகள் மட்டும் 30,000-க்கு மேல். அவற்றுக்காகச் சுருளாக்கப்பட்ட இரும்பும் எஃகும் எட்டு லட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 360 டன். எந்த வேகத்தில் ஓட்டினால் டூல் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்காகச் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்துதான் வலுப்பெற்றது. அவரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு டூலை 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிக் காட்டியபோது, டூலின் முனை சிவந்து கனன்றது. சுருள் நீல நிறத்தில் வந்தது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். வேகம் கூடியது, கூடவே சுருளின் தொல்லையும் கூடியது.

இனி முதல் கேள்விக்கு வருவோம். சுருள் எப்படிப் பிறக்கிறது?

டூல் கூர்மையாக இருப்பதால் உலோகத்தைக் கிழித்துப் பிளக்கிறது என்று தோன்றும். நடப்பது அதுவல்ல. டூல் முன்னே தள்ளும்போது அதன் எதிரே இருக்கும் உலோகம் நசுங்குகிறது. நசுங்கி, ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், சாய்வான ஒரு தளத்தில் நழுவுகிறது. அடுத்த அடுக்கு நழுவுகிறது, அதற்கடுத்தது நழுவுகிறது. இப்படி அடுக்கடுக்காக நழுவிய உலோகம்தான் சுருளாகி, டூலின் முகத்தில் உராய்ந்தபடி மேலே ஏறுகிறது. ரஷ்யாவில் இவான் டீமெ 1870-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். இங்கிலாந்தில் மாலக் 1881-இல் சுருளின் வெட்டுமுகத்தை மெருகேற்றிப் பார்த்து, இது நழுவல்தான் என்றும், டூலின் முகத்தில் ஏற்படும் உராய்வே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது என்றும் சொன்னார். பின்லாந்துக்காரரான பீஸ்பனன் 1937-இல் இதைச் சீட்டுக்கட்டாக வரைந்து காட்டினார். சாய்த்து அடுக்கிய சீட்டுகளில் ஒவ்வொன்றும் பக்கத்துச் சீட்டின் மேல் கொஞ்சம் நழுவுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்சினாட்டியில் மில்லிங் இயந்திரம் செய்த ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர் யூஜின் மெர்ச்சன்ட் 1940-களில் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். உராய்வு கூடினால் நழுவும் கோணம் குறையும். கோணம் குறைந்தால் சுருள் தடிக்கும். சுருள் தடித்தால் மோட்டார் இழுக்கும் சக்தி ஏறும். இந்தச் சங்கிலியை இன்றும் எல்லாக் கல்லூரிகளிலும் கற்பிக்கிறோம்.

பாடப்புத்தகம் கையில் இல்லாதவரும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆறிய எஃகுச் சுருள் ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கண்ணாடியாக மின்னும். டூலின் முகத்தில் அழுந்தித் தேய்ந்த பக்கம் அது. மறுபக்கம் சொரசொரப்பாக, குறுக்கே வரிவரியாக இருக்கும்; உலோகம் அடுக்கடுக்காக நழுவிய தடம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. மின்னும் பக்கத்தில் ஆங்காங்கே துணுக்குகள் ஒட்டியிருந்தால், டூலின் முனையில் உலோகம் அப்பிக்கொண்டு, அவ்வப்போது பிய்ந்து போகிறது என்று பொருள். குறைந்த வேகத்தில் எஃகைக் கடையும்போது இது நடக்கும். அப்பியது பிய்யும்போது ஜாபின் மேற்பரப்பும் கெடும். ஆக, ஜாப் ஏன் சொரசொரப்பாக வந்தது என்ற கேள்விக்கு விடை பல நேரம் தொட்டியில் கிடக்கும்.

நிறமும் பேசும். எஃகுச் சுருள் வைக்கோல் நிறத்தில் வந்தால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 230 டிகிரி கண்டிருக்கிறது. நீலமானால் 300 டிகிரிக்கு அருகில். கார்பைடு டூலில் நல்ல வேகத்தில் கடையும்போது, பிறக்கும் வெப்பத்தின் பெரும்பங்கைச் சுருள் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அது ஜாபுக்கும் டூலுக்கும் நல்லது. ஆனால் அந்தச் சூட்டோடுதான் அது லேத் ஓட்டுகிறவரின் கைப்பக்கம் வருகிறது.

மாணவர்களுக்காக ஓர் அளவும் சொல்கிறேன். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இ.என்.8 எஃகுக் கம்பி, நிமிடத்துக்கு 1000 சுற்று, ஃபீட் சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர், வெட்டின் ஆழம் 2 மில்லிமீட்டர். கம்பியின் சுற்றளவு 157 மில்லிமீட்டர். கம்பியின் நீளவாக்கில் மெல்லிய ஒரு காடி எடுத்துவிட்டுக் கடைந்தால், சுற்றுக்கு ஒரு துண்டாகச் சுருள் விழும். அந்தத் துண்டின் நீளத்தை வளைவோடு அளந்தால் 157 மில்லிமீட்டர் இருக்காது. 63 மில்லிமீட்டர் இருந்தது என்று வையுங்கள். இரண்டரை மடங்கு குறுகிவிட்டது. குறுகியது எங்கே போயிற்று? தடிமனில் போயிற்று. 0.2 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய சுருள் 0.5 மில்லிமீட்டர் இருக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், ஒரு நூலையும் அளவுகோலையும் வைத்து, வெட்டு நன்றாக நடக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குறுக்க விகிதம் ஏறினால் உராய்வு ஏறியிருக்கிறது, டூல் மழுங்கியிருக்கிறது, அல்லது கோணம் தவறியிருக்கிறது.

இதே கணக்கை நீட்டிப் பாருங்கள். காடி இல்லாமல், உடையாமல் வந்தால், நிமிடத்துக்கு 63 மீட்டர் சுருள். நொடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் சூடான, அரம்போல் விளிம்புள்ள எஃகு நாடா வந்துகொண்டே இருக்கிறது. எடை நிமிடத்துக்கு அரைக்கிலோ. அரைமணி நேரத்தில் கழியும் எஃகைக் கட்டியாக வைத்தால் இரண்டு லிட்டர்கூட இல்லை. ஆனால் அது நீளநீளமாகச் சிக்கிப் பின்னிக் கிடந்தால் கட்டியாக இருந்ததைப்போல் 90 மடங்கு இடம் பிடிக்கும். 170 லிட்டர், ஒரு பெரிய டிரம் நிறையப்போகிறது. சின்னச் சின்னச் சுருளாக உடைந்து விழுந்தால் எட்டு மடங்கு போதும். 15 லிட்டர், ஒரு வாளி. அதே கம்பி, அதே நேரம், அதே எடை. டிரம்மா வாளியா என்பதுதான் சுருளை ஆளுவதன் முழுப்பொருளும்.

சரி, எப்படி உடைப்பது? இரண்டாவது கேள்வி.

சுருள் வளைவதால் உடைவதில்லை. வளைந்தது நிமிர்க்கப்படும்போது உடைகிறது. பிறக்கும்போதே அது இறுக்கமாக வளைந்து வர வேண்டும். வளைந்து வந்து, அதன் நுனி ஜாபிலோ டூலின் பக்கவாட்டிலோ முட்ட வேண்டும். முட்டிய பிறகும் பின்னாலிருந்து சுருள் வந்துகொண்டே இருப்பதால், வளைவு விரிந்து கொடுக்கப் பார்க்கிறது. அப்போது அதன் உள்பக்கம் இழுபடுகிறது. இழுவை அந்த உலோகம் தாங்கும் எல்லையைத் தாண்டினால், சொரசொரப்பான அந்தப் பக்கத்தில் விரிசல் பிறந்து துண்டு கழன்று விழும். ஜப்பானின் நாகயாமா 1960-களின் தொடக்கத்தில் இதைத் தெளிவாக விளக்கினார். சுருளின் தடிமனும், வளைவு எவ்வளவு இறுக்கமாகத் தொடங்கி எவ்வளவு விரிகிறது என்பதுமே உடைவைத் தீர்மானிக்கின்றன.

இது புரிந்துவிட்டால், பட்டறையில் கைக்கெட்டும் வழிகளெல்லாம் விளங்கும். ஃபீடைக் கூட்டினால் சுருள் தடிக்கும், உடையும். ஃபினிஷிங் வெட்டில் ஃபீடும் ஆழமும் குறைவு, சுருள் மெல்லியது, அதனால்தான் அங்கே நூலாக ஓடித் தொல்லை தருகிறது. டூலின் முகத்தில் படி வைத்துச் சாணை பிடிப்பதும், டூலில் பொருத்தும் இன்செர்ட் என்ற வெட்டுத் துண்டின் மேல் இருக்கும் மேடு பள்ளங்களும் சுருளை இறுக்கமாக வளைப்பதற்காகத்தான். அந்த மேடு பள்ளம் அழகுக்காக அல்ல. ஃபினிஷிங்குக்கு ஒரு வடிவம், நடுத்தர வெட்டுக்கு ஒரு வடிவம், ரஃபிங்குக்கு ஒரு வடிவம் என்று தனித்தனி உண்டு. எந்த ஃபீடும் எந்த ஆழமும் சேர்ந்தால் சுருள் ஒழுங்காக உடையும் என்று கட்டம் போட்ட படம் இன்செர்ட்டின் பட்டியலிலேயே இருக்கும். கட்டத்துக்கு வெளியே ஓட்டிவிட்டு இன்செர்ட்டைக் குறை சொல்வதில் பயனில்லை. வளைவை அளவுக்கு மீறி இறுக்கினாலும் ஆகாது. சுருள் நொறுங்கித் தெறிக்கும், வெட்டுவிசை ஏறும், டூலின் முனை அடிபட்டுச் சீக்கிரம் போகும். ஆறு, ஒன்பது என்று எழுதியதுபோன்ற சின்ன வளைவுகளே நல்ல சுருள்.

உலோகத்தின் குணமும் இதில் பாதி. கோயம்புத்தூரில் பம்ப் உறை கடையும் பட்டறைக்குப் போங்கள். வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில்கள் இருப்பதால் சுருளே வராது, தூளாக உதிரும். உடைக்கும் கவலை இல்லை. ஆனால் அந்தத் தூள் லேத்தின் பெட்டில் புகுந்து அரிக்கும், மூச்சிலும் போகும். அடுத்த லேத்தில் மோட்டார் ஷாஃப்ட் ஓடும். அங்கே எஃகு நாடா. பித்தளையில் ஈயம் சேர்ப்பதும், சுலபமாகக் கடைய வரும் எஃகில் கந்தகம் சேர்ப்பதும் சுருள் உடைவதற்காகத்தான். ஈயம் உடலுக்குக் கேடு என்பதால் குடிநீர்க் குழாய் உறுப்புகளில் அதைக் குறைத்து வருகிறார்கள். அமெரிக்காவில் 2014 முதல், தண்ணீர் படும் பரப்பில் 0.25 விழுக்காட்டுக்கு மேல் ஈயம் கூடாது. உலோகம் செய்துவந்த வேலையை இனி டூலின் வடிவம் செய்ய வேண்டும். துளையிடும்போது சிக்கல் இன்னும் ஆழம். சுருள் வெளியே வர வழி இல்லாமல் துளைக்குள்ளேயே அடைத்துக்கொண்டு டிரில் முறியும். சி.என்.சி.யில் ஜி83 கட்டளை போட்டால் டிரில் அவ்வப்போது முழுக்க வெளியே வந்து சுருளைக் கொட்டிவிட்டுத் திரும்பும். மில்லிங் சென்டரில் ஜி73 போட்டால் கொஞ்சமாகப் பின்வாங்கி உடைத்துவிட்டு மேலே போகும். எதை எங்கே போடுவது என்பது நிரல் எழுதுகிறவர் முடிவு.

இப்போது மூன்றாவது கேள்வி. இந்தப் பொறுப்பு யாருடையது?

கங்கைக்கு அக்கரையில் ஹௌராவின் பெலிலியஸ் சாலைக்கோ, கோயம்புத்தூரின் சந்துகளுக்கோ, அம்பத்தூருக்கோ போய்ப் பாருங்கள். லேத்தின் பக்கத்தில் ஒரு கம்பிக் கொக்கி தொங்கும். ஜாபைப் பிடித்துச் சுழற்றும் சக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கொக்கியால் சுருளை இழுத்துவிடுவார்கள். கொக்கி கைக்கெட்டாதபோது கையாலேயே இழுப்பதும் உண்டு. ஓடும் சுருள் சக்கில் சிக்கினால் அதோடு சேர்ந்து சுழன்று அடிக்கும். கையுறை போட்டிருந்தால் கையுறையைப் பிடித்துக் கையையும் உள்ளே இழுத்துவிடும். அதனால்தான் லேத்தில் கையுறை கூடாது என்கிறோம். கையுறையும் கூடாது, சுருளையும் இழுத்தாக வேண்டும் என்றால், அந்த மனிதர் என்னதான் செய்வார்? இயந்திரத்தை நிறுத்திவிட்டு எடுக்கலாம். ஆனால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு நிறுத்தமும் நஷ்டம். விபத்து நடந்ததும், கவனக்குறைவு என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அது கவனக்குறைவு அல்ல என்று உறுதியாகச் சொல்கிறேன். அந்த ஜாபுக்கு எந்த இன்செர்ட், எந்த ஃபீட், எத்தனை ஆழம் என்று யார் முடிவு செய்தாரோ, அவர் சுருளை யோசிக்கவில்லை. திட்டமிடும் மேசையில் யோசிக்காமல் விட்ட வேலை கொக்கி பிடித்த கைக்குப் போகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21-ஆவது பிரிவில் இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு வேலி கேட்டது. 35-ஆவது பிரிவில், தெறிக்கும் துகளிலிருந்து கண்ணைக் காக்கச் சொன்னது. நல்லது. ஆனால் அந்தச் சட்டத்தில், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. மூன்று லேத்தும் நான்கு ஆட்களும் உள்ள பட்டறையை அந்தச் சட்டம் எட்டவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் அறிவாவது எட்ட வேண்டும்.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆள் இல்லாமல் இரவெல்லாம் ஓடும் சி.என்.சி. இயந்திரத்தில் சுருள் சிக்கினால் உற்பத்தி நின்றுவிடும். அதனால் அங்கே சிப் பிரேக்கர் எனப்படும் மேடு பள்ளம் உள்ள இன்செர்ட், உயரழுத்தக் கூலண்ட், சுருளை அள்ளிச் செல்லும் கன்வேயர் எல்லாம் கேள்வியின்றி வாங்கப்படுகின்றன. ஆள் நிற்கும் பழைய லேத்தில் மட்டும், ஆள் இருக்கிறாரே என்று விட்டுவிடுகிறோம். இயந்திரம் நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்வதை மனிதரின் விரல் போகக் கூடாது என்பதற்காகவும் செய்ய வேண்டாமா?

வழி தெரியாமல் இல்லை. இந்தியாவில் உலோக வெட்டு பற்றிய அறிவு வேரூன்றிய இடங்களில் ஜாதவ்பூர் முதன்மையானது. இங்கே ஆசிரியராக இருந்த பேராசிரியர் அமிதாப பட்டாச்சார்யா, இன்யோங் ஹாமுடன் சேர்ந்து டூல் வடிவமைப்பு பற்றி எழுதிய நூல் 1969-இல் அமெரிக்காவில் வந்தது. உலோக வெட்டைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் கொல்கத்தாவிலேயே அச்சானது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் தலைமுறைகள் அதைப் படித்தன. இயந்திரக் கருவி வடிவமைப்புக்கான அகில இந்திய மாநாடு 1967-இல் முதன்முதலாகக் கூடியது இந்த வளாகத்தில்தான். 2018-இல் அதே மாநாடு சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கூடியது. சென்னை ஐ.ஐ.டி. மரபில் வந்த வெங்கடேஷும் சந்திரசேகரனும் உலோக வெட்டுச் சோதனை முறைகளைப் பற்றி எழுதிய நூலும் நம்மிடம் உண்டு. அறிவு மாநாடு வரை வந்துவிட்டது. மாநாட்டிலிருந்து பெலிலியஸ் சாலை சில கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைத்தான் அது இன்னும் கடந்தாக வேண்டும்.

அதற்கு நான்கு வேலைகளைச் சொல்கிறேன். முதலாவது, ஒவ்வொரு ஜாபின் செயல்முறைத் தாளிலும், வேகம், ஃபீட், ஆழம் என்று எழுதும் இடத்தில், எந்த வடிவத்தில் சுருள் விழ வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சுருள் வடிவங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 3685 தரநிலையில் படமே இருக்கிறது. அந்த வடிவம் வரவில்லை என்றால் லேத் ஓட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திக் கேட்கலாம். கேட்பது அவர் உரிமை என்று ஆக வேண்டும். இரண்டாவது, ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கும் பிள்ளைகளுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் அதே வாரத்தில் சுருளைப் படிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். மூன்றாவது, இன்செர்ட்டின் கட்டம் போட்ட படத்தைப் பெரிதாக்கி, கோயம்புத்தூரில் தமிழிலும் ஹௌராவில் வங்காளத்திலும் எழுதி லேத்தின் மேல் ஒட்ட வேண்டும். நான்காவது முதலாளிகளுக்கு. சுருளை எடுக்க இயந்திரத்தை நிறுத்தும் நேரத்தைக் கூலியில் பிடிக்காதீர்கள். உடைந்த சுருளைச் சுமப்பது எளிது, அது கூலண்ட்டைக் குறைவாகக் குடிக்கும், இடம் அடைக்காது. உங்கள் கணக்குப்புத்தகத்துக்கும் அதுவே லாபம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளை திட்டமிடும் மேசையில் உட்காருவீர்கள். உங்கள் முன்னோர் சொந்தப் பணம் போட்டு இந்தக் கல்விக்கூடத்தைக் கட்டியது, கைத்தொழிலும் படிப்பும் ஒன்றையொன்று தாங்க வேண்டும் என்பதற்காக. நீங்கள் வரைபடத்தில் அளவு எழுதுகிறபோது சுருளின் வடிவத்தையும் எழுதுங்கள். ஒரு நாள் மதியம் மேசையை விட்டு இறங்கி, நீங்கள் எழுதிய ஃபீடில் ஓடும் லேத்தின் அருகில் நின்று, தொட்டியில் என்ன விழுகிறது என்று பாருங்கள். டிரம் நிறைந்தால் திருத்தி எழுதுங்கள். வாளியில் அடங்கும்வரை திருத்துங்கள். அது உங்கள் வேலை. லேத் ஓட்டுகிறவரின் வேலை அல்ல.